பட்டையில் படிந்த பாதரசம்

செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் கூட்டும் கல்பாசி ஒரு செடியல்ல. பூஞ்சையும் பாசியும் கூடிக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் இந்த இனத்துக்கு வேரும் இல்லை, மெழுகுத் தோலும் இல்லை. மழை, பனி, தூசி என்று காற்று கொண்டுவருவதையெல்லாம் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளே போன உலோகம் எளிதில் வெளியேறாது.

கொடைக்கானலில் இந்தக் குணம் உதவிக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை 1980-களில் அங்கே இயங்கத் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு, ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையின் கீழுள்ள ஆய்வகம் கொடைக்கானல் மரங்களில் ஒட்டியிருந்த கல்பாசி வகையையும் மாஸ் எனப்படும் பாசியையும் சோதித்த முடிவு வெளியானது. ஆலைக்கு அருகிலிருந்த மாதிரிகளில் பாதரசம் மிகுந்திருந்தது. கழிவுநீரில் மட்டும் பாதரசம் போயிருந்தால் அது மரத்தில் ஏறியிருக்காது. ஆவியாகிக் காற்றில் கலந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

ஆலைக்குப் பின்புறச் சரிவு பாம்பார் சோலைக் காட்டுக்குள் இறங்குகிறது. அங்கே மண்ணுக்கடியில் வேறொரு பூஞ்சைக் கூட்டம் மர வேர்களோடு பின்னிக் கிடக்கும். வேருக்குத் தண்ணீரும் பாஸ்பரசும் தேடித் தருவது அதன் வேலை. நச்சு உலோகத்தில் ஒரு பங்கைத் தன் இழைச் சுவரிலேயே பிடித்துவைத்து மரத்தைக் காப்பதும் உண்டு. மாசு கூடினால் தாங்காத வகைகள் அழிந்து, தாங்கும் சில வகைகள் மட்டும் மிஞ்சும். மேலே பச்சையாகத் தெரிகிற காடு கீழே ஏழையாகியிருக்கலாம்.

‘காளான் வளர்த்தால் மண் சுத்தமாகிவிடும்’ என்று இப்போது ஆசை காட்டுகிறார்கள். பாதி உண்மை. மரத்தை மக்கவைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகள் எண்ணெய்க் கழிவு போன்ற கரிமச் சேர்மங்களை நொதிகளால் சிதைக்க வல்லவை. பாதரசம், குரோமியம், காரீயம் ஆகியவை தனிமங்கள். எந்தப் பூஞ்சையாலும் அவற்றைச் சிதைத்து இல்லாமலாக்க முடியாது. பிடித்துவைக்கலாம், இடம் மாற்றலாம், அவ்வளவுதான். தோண்டிச் சுத்திகரிக்க வேண்டிய செலவைத் தட்டிக்கழிக்க யாராவது காளானைக் காட்டினால் நம்பாதீர்கள்.

பிடித்துவைப்பதே நமக்கு ஆபத்தும் ஆகும். மழைக்கு முளைக்கும் காளான்களில் சில வகைகள் பாதரசத்தையும் காட்மியத்தையும் மண்ணில் இருப்பதைவிடச் செறிவாகச் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் வேகவைத்தாலும் அவை முழுதாகப் போய்விடாது. பழைய ஆலை வளாகம், தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு கொட்டிய இடம், குப்பைமேடு ஆகியவற்றின் அருகே காளானோ கல்பாசியோ பறிக்க வேண்டாம். ஆதாரம் திரட்டுவதாக நினைத்து வேலி தாண்டிப் போய் மண்ணைச் சுரண்டவும் வேண்டாம். பாதரச ஆவிக்கு நிறமோ மணமோ கிடையாது. சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பதம் பார்த்துவிடும். போதாக்குறைக்கு, நாமே அள்ளிவந்த மாதிரியை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். வெளியில் நின்று தேதியோடு படம் எடுங்கள். மாதிரி எடுக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வியைக் கூர்மையாகக் கேட்க வேண்டும்: எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் மண் எடுத்தீர்கள்? எந்த ஆய்வகம்? எந்த அளவுகோல்? கடைசிக் கேள்விதான் முக்கியம். கொடைக்கானல் ஆலை மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று வாரியம் இலக்கு வைத்தபோது, கீழே சோலைக்காடு இருக்கையில் இது போதாது என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். ‘சுத்தம்’ என்பது யாரோ நிர்ணயிக்கிற ஓர் எண். அதைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது 1996-ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கொள்கை. மாசடைந்த நிலங்களுக்கென்றே 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களைப் பற்றி மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். ஆகவே திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு இப்போது ஒரு சட்டப் பிடிப்பு இருக்கிறது. அங்கும் நகரவில்லை என்றால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

ஆனால் காலக்கெடுவில் கவனம் தேவை. பிரச்சினையைத் தீர்க்கக் கோரும் மனுவுக்கு, அது எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீட்டுக்கும் நிலத்தை மீட்டுத் தரக் கோருவதற்கும் 5 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். மரப்பட்டையில் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் சேரும் விஷத்துக்கு ஆறு மாதக் கெடு வைப்பது என் பார்வையில் அநியாயம்தான். கொடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்படவே 2016 ஆனது. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.