பழைய நிரலுக்குப் புதிய வீடு

புதுமனை புகும்போது பழைய பாத்திரங்களை யாரும் தெருவில் எறிவதில்லை. கணிப்பொறி உலகிலோ அது நடந்துவிடுகிறது.

மாலையில் நான் கணக்கெழுதும் நெல் மண்டிக்கு விண்டோஸ் 11 கொண்ட புதிய கணிப்பொறி வந்தது. டாஸ் காலத்துக் கணக்கு நிரல் அதில் திறக்கவில்லை. விவசாயிகளின் பற்றுவரவு முழுவதும் அதில்தான். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் தந்தை அடைத்த கடன் தவணைகளுக்கும் வேறு சாட்சி இல்லை.

காரணம் எளிது. பழைய நிரல் 16 பிட் வகையைச் சேர்ந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் அமைப்பு. அது 16 பிட் நிரல்களை இயக்காது.

இதற்கு வழி உண்டு. ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள், புதிய கணிப்பொறிக்குள் பழைய கணிப்பொறி ஒன்றைப் பாவனையாக அமைக்கிறது. நிரல் தன் பழைய வீட்டில் இருப்பதாகவே எண்ணி இயங்குகிறது. இது புதிய தந்திரமன்று. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 வரிசையிலேயே, முந்தைய 1401 கணிப்பொறியின் நிரல்களை இயக்க இத்தகைய ஏற்பாடு இருந்தது.

நண்பர்களே! கணிப்பொறியை மாற்றுமுன் நிரலுக்கும் கணக்குக் கோப்புகளுக்கும் இரண்டு படிகள் எடுத்து வையுங்கள். புதியதில் எல்லாம் சரிபார்க்கும்வரை பழையதை விற்காதீர்கள்.

மண்டியில் கணக்கு திறந்தது. தந்தையாரின் தவணைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை.