கட்டம் கட்டமாக ஒரு கல்யாணப் பாய்

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பத்தமடைப் பாய் இருக்கிறது. 1979-ஆம் வருஷம் அப்பா, அம்மா கல்யாணத்துக்கு வந்தது. இருவர் பெயரையும் கல்யாணத் தேதியையும் அதிலேயே நெய்திருக்கிறார்கள். "பட்டுப் புடவை மாதிரி மடித்து வைக்கலாமாக்கும்!" என்று அம்மா பெருமையடித்துக் கொள்வாள். சென்ற மாதம் அதைக் கீழே இறக்கிப் பார்த்தால், ஐயோ! ஒரு பக்கத்துக் கரையைக் கறையான் தின்று தீர்த்திருந்தது.

வருகிற தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். அதே கரையும் அதே மாதிரி எழுத்துமாகப் புதுப் பாய் நெய்து வாங்க வேண்டுமென்பது அம்மாவின் ஆசை. அரைகுறைப் பாயைக் கொண்டுபோய் நெய்கிறவரிடம் நீட்டினால் ஆயிற்றா? மாதிரி வேண்டாமா?

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகள், "இது என்ன பிரமாதம், சித்தி! கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம்" என்றாள். பாயைப் போட்டோ எடுத்தாள். அதைச் சின்னதாகச் சுருக்கினாள். வந்தது என்ன தெரியுமா? மழையில் நனைந்த கோலம்! படத்தைச் சுருக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நிறங்களைக் கம்ப்யூட்டர் கலந்துவிடுகிறது. சிவப்புக்கும் கோரை நிறத்துக்கும் நடுவில், பாயிலேயே இல்லாத ஒரு பழுப்பு முளைத்துவிட்டது. பாயில் அந்தச் சமாசாரம் நடக்காது. குறுக்கே போகும் கோரை ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலே போக வேண்டும், அல்லது அடியில் போக வேண்டும். நடுவில் நிற்க வழியில்லை.

ஆகவே, கட்டம் கட்டமாக நாமே நிறம் வைப்பதென்று தீர்மானம் ஆயிற்று. இதைத்தான் 'பிக்ஸல்' சித்திரம் என்கிறார்கள். கம்ப்யூட்டர்ப் படம் எதுவாக இருந்தாலும் குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆனதுதான். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் முதன்முதலாக ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அவருடைய மூன்று மாதக் குழந்தையின் படம். பக்கத்துக்கு 176 கட்டங்கள்! 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குச் சின்னச் சின்னச் சித்திரங்கள் வரைந்த சூஸன் கேர் என்ற பெண்மணியோ, முதலில் கிராப் தாளில்தான் கட்டங்களை நிரப்பிப் பார்த்தாராம். கிராஸ் தையல் போட்ட சகோதரிகளுக்கு இது புதிதா, சொல்லுங்கள்!

நீங்களும் செய்து பார்க்கலாம். 'ஜிம்ப்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அகலம் 32, உயரம் 32 என்று ஒரு சின்னப் படம் திறந்து, கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கிக் கொள்ளுங்கள். கட்டக்கோடுகளை ஒரு பிக்ஸலுக்கு ஒன்றாக அமையுங்கள். தூரிகையைத் தொடாதீர்கள், அது ஓரத்தை மழுக்கிவிடும். பென்ஸிலை எடுத்து, அளவை 1 என்று வையுங்கள். நிறம் மூன்று போதும். ஆசைப்பட்டுப் பத்து வைத்துக்கொண்டால் நெய்கிறவர் தலையில் அடித்துக் கொள்வார். முடிந்த படத்தைப் பெரிதாக்கும்போது 'இன்டர்பொலேஷன்' என்ற இடத்தில் 'நன்' என்று கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் மறுபடியும் நனைந்த கோலந்தான்! சேமிப்பது பி.என்.ஜி.யாக இருக்கட்டும், ஜேபெக் நிறங்களை அழுக்காக்கும்.

கறையான் விவகாரம் சுலபமாகவே தீர்ந்தது. தின்றது ஒரு பக்கந்தானே? நன்றாக இருந்த பக்கத்தை வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டிவிட்டாள் பெண்.

எழுத்துத்தான் பிராணனை வாங்கிவிட்டது. ஒரு சுழி என்றால் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருக்க வேண்டும், சுற்றிலும் கட்டம் வேண்டும். பக்கத்துச் சுழியோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டாலும், இரண்டு சுழி 'ன'வுக்குச் சுழிகளுக்கே ஐந்து கட்டம். மூன்று சுழி 'ண'வுக்கு ஏழு! ஏ, பி, சி, டி எழுதும் தேசத்தார் ஐந்து கட்ட அகலத்தில் எழுத்தையே முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கடத்தை அம்மாதான் கண்டுபிடித்தாள். "திரையில் பூ உருண்டையாக இருக்கு. பாயில் இப்படியா இருக்கும்?" என்றாள். வாஸ்தவந்தான். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லியதாகக் கிழித்து, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு நெய்கிற பாய் அது. கோரை இழையின் பருமனும் பாவு நூலின் இடைவெளியும் ஒன்றாக இருக்குமா? திரைக் கட்டம் சதுரம். பாயின் கட்டம் சதுரமல்ல. ஓர் அங்குலத்துக்கு நூல் எத்தனை, கோரை எத்தனை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணினோம். பிறகு அந்தக் கணக்குக்குத் தக்கபடி உருண்டைப் பூவை முட்டைப் பூவாக்கினோம்.

2013-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நயம் பாய் நெய்கிற கைகள் இன்று சொற்பம். அந்தக் கைகளுக்கு நாம் தவறான கணக்கைக் கொடுத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. நாலு முறை சரி பார்த்தேன்.

பழைய பாயை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைப்போமென்று பெண் அதையும் வரைந்து முடித்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, தாத்தா பேருக்குக் கடைசியில் புள்ளி வச்சிருக்கியே?"

"பாயில் விட்டுப் போச்சு ஆச்சி. நான் சரி பண்ணிட்டேன்."

"அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாற்பது வருஷம் அவரைக் கேலி பண்ணினேன். எடுத்துடு."

பென்ஸில் ஒரு தட்டுத் தட்டியது. புள்ளி போய்விட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, அச்சடித்த தாளோடு பத்தமடைக்குப் போகிறோம். தம்பி பெயருக்கு மட்டும் புள்ளி இருக்கட்டும் என்று அம்மாவின் உத்தரவு!