உலக்கையின் இரு தலைகள்: குற்றுதலும் இடித்தலும்

பழந்தமிழ் நூல்களுக்கு உரை வகுத்தோர் உலக்கை என்னும் கருவியை விரித்து விளக்கியதில்லை. வீடுதோறும் கிடந்த பொருளுக்கு விளக்கம் வேண்டப்படவில்லை. இன்று ஆய்வு மாணவருள் பலர் அதனைக் கையாண்டவரல்லர். அகராதிகளோ 'தானியம் குற்றும் கருவி' என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. கருவியின் அமைப்பை அறியாதவழிப் பாடல்களில் குற்றுதல், இடித்தல் எனும் வினைகள் ஒருபொருட் கிளவிகளாகத் தோன்றும். அவை அவ்வாறல்ல என்பதைத் தொண்டைநாட்டுச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

நெல் குற்றும் உலக்கையின் ஒரு தலையில் இரும்புப் பூண் செறிக்கப்பட்டிருக்கும். அப்பூணின் உட்புறம் குழிவானது. உரலில் விழும்போது குழிவினுள் அகப்பட்ட நெல் ஒன்றோடொன்று உராய்கிறது. உமி பிளந்து கழல்கிறது. அரிசி பெரும்பாலும் முறியாமல் நிற்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியே. மீண்டும் குற்றத் தவிடு நீங்கி அரிசி வெண்மை பெறும்; இதனைத் தீட்டுதல் என்பர். தட்டையான தலையோ தானியத்தை நொறுக்கும், அல்லது நசுக்கும். மாவுக்கும் மஞ்சளுக்கும் உரியது அதுவே. நெல்லைக் குத்துவதும் மாவை இடிப்பதும் பேச்சுவழக்கில் இன்றும் வேறு வேறு.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அவ்வூருக்குச் செல்லும் வழியிலுள்ள எயிற்றியர் புல்லரிசியை நிலவுரலில் பெய்து குற்றுகின்றனர். அவர்தம் உலக்கை குறியது, காழ் உடையது. காழ் என்பது மரத்தின் வயிரம். அம்மகளிர் நிலத்தைக் கிளறும் கோலுக்கு இரும்புத் தலை கூறிய புலவர், உலக்கைக்கு இரும்பு கூறவில்லை. சொல்லாமை இன்மைக்குச் சான்றாகாது. எனினும் அண்டைப் பகுதியான ஓய்மாநாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படையோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. அங்கே ஆமூரில் விருந்துக்குரிய அரிசி, உலக்கையின் இரும்புமுகம் தேயுமளவு குற்றப்பட்டது. 'முகம்' என்பதற்குப் பூணுடைய முகம் என உரை கொள்வர். இரும்பு தேய்வது ஒருமுறை குற்றுவதால் அன்று. பலகாலும் தீட்டியதன் அடையாளம் அது. விருந்தின் சிறப்பைச் சோற்றின் வெண்மையோடு கருவியின் தேய்மானமும் உணர்த்துகிறது.

குறுந்தொகை 238ஆம் பாடலில் பச்சை அவலுக்கு இடித்தல் என்னும் வினையே ஆளப்படுகிறது. அவலுக்கு வேண்டுவது தட்டையாதல். எனவே வினை மாறியது இயல்பே. (அவ்வுலக்கையை வயல்வரப்பில் துயிற்றிவிட்டு மகளிர் விளையாடச் செல்வது தனியே சுவைக்கத்தக்கது.)

மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் தில்லையில் அருளப்பட்டதாகக் கூறுவர். அதன் 20 பாடல்களும் நீராட்டுக்குரிய நறுமணப்பொடியைப் பற்றியவை. ஆதலின் அவற்றில் இடித்தல் வினையே பயில்கிறது. கச்சித் திருவேகம்பன் கோயிலைப் பாடும் நான்காம் பாடல், உலக்கைக்குக் 'காசு' அணியவும் உரலுக்குக் 'காம்பு' அணியவும் பணிக்கிறது. காசு மணிவடம் என்றும், காம்பு பட்டுத்துகில் என்றும் பொருள் கொள்ளப்படும். பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊரின் பெயர் அதே பாடலில் வருவதால், அக்காலக் காஞ்சிப் பட்டுக்கு இதனைச் சான்றாக்கும் ஆவல் எழலாம். பாடல் அதற்கு இடந்தரவில்லை. அணிசெய்யும் இடம் காஞ்சி என்று அது கூறவில்லை. அது உறுதிப்படுத்துவது உலக்கையை அணிசெய்து மங்கலப்பொருளாக்கும் மரபை. திருமண வீடுகளில் மஞ்சள் இடிக்கும் சடங்கு இம்மரபோடு ஒப்புநோக்கத் தக்கது.

கைக்குத்தல் தொழிலைக் காக்கும் நோக்குடன் 1958இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஆலைகளே நிலைத்தன. கருவியோடு அதன் துணைச்சொற்களும் மறைகின்றன. குந்தாணி என்பதற்குப் பெரிய உரல் என்றும், நெல் சிதறாதபடி உரல்வாயில் வைக்கும் கூடு என்றும் இருபொருள் உண்டு. எவ்வூரில் எப்பொருள் வழங்கிற்று என்பதை, உலக்கை பிடித்த முதியோர் உள்ளபோதே ஊர்தோறும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.