லினக்ஸில் விடுபட்ட பொதிகள்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி! பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்காள் பெற்ற அத்தகைய கணினியில்தான் நான் இன்று பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால் டெபியன் லினக்சை நிறுவிக்கொண்டேன்.

புதிதாக நிறுவிய லினக்ஸில் ஏதேனும் ஒன்று இல்லாதிருப்பது இயல்பு. செய்முறைத் தேர்வு நெருங்கும் வேளையில் சி மொழி நிரலை இயக்கப் போனால், ஜிசிசி என்னும் கட்டளையே இல்லை என்று திரை சொல்லும். உடனே, "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று நண்பர்கள் கடைக்கு ஓடுகின்றனர். அங்கே கேட்கும் ஐந்நூறு ரூபாய் என் தந்தையாரின் ஒரு நாள் கூலி. பழுதே இல்லாத ஒன்றுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டுள்ளது. தன்னோடு வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்ற சீட்டும் அதனுள்ளேயே இருக்கும். ஏபிடி என்னும் நிரல் அச்சீட்டைப் படித்து, களஞ்சியத்துக்குச் சென்று, அனைத்தையும் கொண்டுவரும். மளிகைச் சீட்டோடு கடைக்கு அனுப்பிய பிள்ளையைப் போன்றது இது. கடையின் முகவரி தவறானால் பிள்ளை வெறுங்கையோடுதானே திரும்பும்? அம்முகவரிகள் சோர்சஸ்.லிஸ்ட் என்னும் கோப்பில் உள்ளன. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பென்டிரைவிலிருந்து நிறுவினால், 'சிடிராம்' என்று தொடங்கும் வரி அக்கோப்பில் தங்கிவிடுவதுண்டு. பிறகு எதைக் கேட்டாலும் வட்டைச் செருகும்படி கணினி நச்சரிக்கும். அவ்வரியின் முன்னால் # குறியிட்டால் போதும். அடுத்து 'சூடோ ஏபிடி அப்டேட்' என்னும் கட்டளையை இட வேண்டும். பொதியைக் காணவில்லை என்ற செய்திக்குப் பெரும்பாலும் காரணம் இக்கட்டளையை இடாததே. இல்லையேல் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும்.

சி மொழிக்கு ஜிசிசியை மட்டும் நிறுவினால் போதாமல் போகலாம். எஸ்டிடிஐஓ.எச் கோப்பு இல்லை என்று அடுத்த புகார் எழும். அக்கோப்பு இருப்பது லிப்சி6-டெவ் என்னும் வேறொரு பொதியில். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருவது பில்ட்-எசென்ஷியல். எந்தக் கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்று கண்டறிய ஏபிடி-ஃபைல் என்னும் கருவி உண்டு. என் கருத்தில், இதை அறிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வைஃபை வேலை செய்யாமைக்குக் காரணம் வேறு. கட்டற்ற மென்பொருள் அல்லாதவற்றை டெபியன் தனிப் பிரிவில் வைத்துள்ளது. வைஃபை அட்டைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் அங்கேதான் இருக்கும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது நிறுவும் வட்டிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. பழைய பதிப்பினர் அப்பிரிவைச் சோர்சஸ்.லிஸ்ட்டில் சேர்க்க வேண்டும். வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது? கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, டெதரிங் வசதியை இயக்கினால் இணையம் கிடைக்கும்.

எங்கிருந்தோ இறக்கிய பொதியை அப்படியே திணித்தால் சார்புப் பொதிகள் இல்லாமல் அது பாதியில் நிற்கும். அப்போது 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' உதவும். ஆனால் எவற்றை நீக்கப் போகிறேன் என்று அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள். மேசைத்தளம் முழுவதுமே அப்பட்டியலில் இருக்கக்கூடும்!

தமிழ் எழுத்துக்கு லோகித் எழுத்துருவும், தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் பொதியும் தேவை. வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்கள் நம் திருத்தணியில் குறைவா என்ன? அவர்களுக்கு லோகித் தெலுங்கும் உண்டு.

டேட்டா குறைவாக உள்ள நண்பர்களுக்கு ஒரு வழி. ஏபிடி-கெட் கட்டளையால் ஒருவர் இறக்கிய பொதிகள் 'வார்' கோப்புறையில் 'கேச்', அதனுள் 'ஏபிடி', அதனுள் 'ஆர்க்கைவ்ஸ்' என்னும் இடத்தில் தங்கியிருக்கும். அதே பதிப்பும் அதே வகைச் செயலியும் உள்ள இன்னொரு கணினிக்குப் பென்டிரைவில் அவற்றைக் கொண்டுபோய், இணையமின்றியே நிறுவிக்கொள்ளலாம்.