சர்வர் அப்கிரேட்: முதலில் பேக் அப்பைத் திறந்து பாருங்கள்

"மாப்ள, ஞாயித்துக்கிழமை வந்து சர்வரைப் புதுசாக்கிக் கொடுத்துருங்க. ஒரு மணி நேரம் ஆகுமா?" சிவகாசியில் அச்சகம் நடத்தும் என் மாமா கேட்டார். ஆனது மூன்று வாரம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

அங்கிருப்பது ஒரே சர்வர். அதற்குள் மூன்று விர்ச்சுவல் கம்ப்யூட்டர்கள்: கணக்கு, பில், காலண்டர் டிசைன்கள். இவற்றை இயக்குவது வி.எம்.வேர் இ.எஸ்.எக்ஸ்.ஐ 6.7. இதற்கான பொது சப்போர்ட் 2022 அக்டோபர் 15 அன்று முடிந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் பல நாடுகளில் பழைய இ.எஸ்.எக்ஸ்.ஐ சர்வர்களின் பைல்களை ஒரு ரான்சம்வேர் பூட்டியது நினைவிருக்கலாம். அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்திருந்தது. எனவே அப்கிரேட் அவசியம்தான். ஆனால் அவசரம் கூடாது.

1. நாள்: ஆடி 18க்கு புதிய காலண்டர் ஆல்பம் வந்ததும் ஆர்டர்கள் குவியும். டிசம்பர் வரை சர்வரைத் தொடக்கூடாது. காலண்டர் லோடுகள் போய் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

2. ஹார்ட்வேர்: பதிப்பு 7.0 முதல் பழைய வகை டிரைவர்கள் நீக்கப்பட்டுவிட்டன. பழைய நெட்வொர்க் கார்டு இயங்காமல் போகலாம். பிராசசர், நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு ஆகியவற்றின் மாடல் எண்களைக் குறித்து, தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்த்திடவும். 6.7லிருந்து 8.0க்கு நேரடியாகச் செல்லலாம், 6.5லிருந்து முடியாது. 6.7க்கான லைசென்ஸ் கீ 8.0க்குச் செல்லாது. எனவே லைசென்ஸ் செலவையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. திரும்பும் வழி: பொதுவாக பூட் ஆகும்போது ஷிப்ட்+ஆர் அழுத்தி முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் 6.7லிருந்து 7.0 அல்லது 8.0க்குச் சென்றால் பார்ட்டிஷன் அமைப்பே மாறிவிடும். இந்த வழி கிடைக்காது. பேக் அப் ஒன்றே துணை.

4. பேக் அப்: இங்குதான் அதிர்ச்சி. தினமும் இரவில் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் காப்பி ஆவதாக மாமா நம்பியிருந்தார். வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பார்த்தேன். மூன்றில் ஒன்றுகூட எழவில்லை. அந்த டிஸ்க் எப்.ஏ.டி.32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தது. அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட பைல் பதியாது. சிறிய பைல்கள் மட்டும் இருந்தன. டேட்டா உள்ள பெரிய டிஸ்க் பைல்கள் இல்லை. போல்டர் பெயர்களைப் பார்த்தே அனைவரும் திருப்தி அடைந்திருந்தனர். அன்றே அப்கிரேட் செய்து ஏதாவது தவறியிருந்தால், பல வருட டிசைன்கள் போயிருக்கும்.

புதிய டிஸ்க்கில் மீண்டும் எடுத்து, ரீஸ்டோர் செய்து, பழைய பில் ஒன்றை பிரிண்ட் எடுத்த பிறகே நிம்மதி. அதை வேறு கட்டடத்தில் வைக்கச் சொன்னேன். பட்டாசு ஆலையில் ஒரு ஷெட்டின் தீ அடுத்ததற்குப் பரவாமல் இடைவெளி விடுகிறோம் அல்லவா? பேக் அப்புக்கும் அதுவே விதி. ஸ்நாப்ஷாட் அதே சர்வரில் இருப்பதால் அது பேக் அப் ஆகாது.

5. அன்றைய தினம்: எல்லா விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களையும் முறைப்படி ஷட் டவுன் செய்திடவும். இன்ஸ்டாலர் கேட்கும்போது "அப்கிரேட்" என்பதையே தேர்ந்தெடுக்கவும். "ஓவர்ரைட்" என்று கொடுத்தால் டேட்டா அழிந்துவிடும். முடிந்ததும் ஒவ்வொன்றாக இயக்கிச் சோதியுங்கள். விர்ச்சுவல் ஹார்ட்வேர் பதிப்பை உடனே உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் இறக்க முடியாது.

மாமா சொன்னபடி அப்கிரேட் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மீதி நாட்கள் எல்லாம் தயாரிப்புக்குத்தான். வீட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தும் வாசகர்களும் இதையே செய்யலாம். இன்று இரவே உங்கள் பேக் அப் பைல் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.