கரும்பலகையிலிருந்து கணினிக்கு

"எமிஸ் பதிவா? புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் எங்களுக்கு எதற்கு?" ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மேல்நிலை வகுப்புகளில் இதுவே வேறு வடிவத்தில் ஒலிக்கிறது. "நாங்கள் வணிகவியல் பிரிவு. ஐ.டி. வேலையெல்லாம் எங்களுக்கு இல்லை" என்கிறார்கள் மாணவர்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். தகவல் தொழில்நுட்பத்தின் கதவு இருபத்திரண்டு வயதில், பொறியியல் பட்டம் உள்ளவருக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் என்ற நம்பிக்கை அது. அந்தத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் அது சரியல்ல என்பது புரியும். அவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர்.

முப்பத்தேழு வயதில் புதிய பணி

கிரேஸ் ஹாப்பர் 1906-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் 1931 முதல் கணிதம் கற்பித்தார். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு சூத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொல்வார். இது கணக்கு வகுப்பா, மொழி வகுப்பா என்று மாணவியர் முணுமுணுப்பார்கள். பிறருக்கு எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டால் கணக்குக் கற்றுப் பயனில்லை என்பது அவருடைய பதில்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், அவர் கடற்படையின் துணைப் படையில் சேர்ந்தார். அப்போது வயது 37. அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 1 என்ற கணிப்பொறியின் முன் நிறுத்தப்பட்டார். அது 51 அடி நீளமுள்ள இயந்திரம். அதை இயக்கப் படித்துவிட்டு வந்தவர் என்று யாரும் இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு படிப்பே அன்று கிடையாது. ஹாப்பர் வேலை செய்துகொண்டே கற்றார். கற்றதை 500 பக்கங்களுக்கு மேற்பட்ட இயக்கக் கையேடாக எழுதவும் செய்தார். புதியவருக்குப் படிப்படியாகச் சொல்லித் தரும் ஆசிரியரின் திறமைதான் அங்கே பயன்பட்டது.

கணினிக்கு அன்று எண்களிலும் குறியீடுகளிலும்தான் கட்டளை தர முடிந்தது. எளிய ஆங்கிலச் சொற்களில் கட்டளை எழுதலாம், அதைக் கணினியே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்றார் ஹாப்பர். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று உடன் பணியாற்றியவர்கள் மறுத்தார்கள். அவர் 1952-இல் ஒரு நிரல்மாற்றியை, அதாவது கம்பைலரை, உருவாக்கிக் காட்டினார். அவர் வகுத்த பாதையில் 1959-இல் கோபால் என்ற நிரல்மொழி பிறந்தது. கணக்கர்களும் அலுவலகப் பணியாளர்களும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழி அது. இன்றும் பல வங்கிகளின் கணக்குகள் அதில் ஓடுகின்றன. கடற்படையிலிருந்து ஹாப்பர் ஓய்வு பெற்றது 1986-இல், 79 வயதில். அதன் பிறகும் ஒரு கணினி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார்.

எண்பத்தொரு வயதில் ஒரு செயலி

ஜப்பானைச் சேர்ந்த மசாகோ வகாமியா கல்லூரிக்குச் சென்றவர் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்ததும் வங்கியில் சேர்ந்தார். அறுபது வயதை நெருங்கும்போதுதான் முதல் கணினியை வாங்கினார். வயதான தாயைக் கவனித்தபடி வீட்டிலிருந்தே வெளியுலகோடு பேச அது உதவியது.

திறன்பேசி விளையாட்டுகள் எல்லாம் இளைஞர்களின் விரல் வேகத்துக்கு ஏற்றவையாகவே இருப்பதை அவர் கவனித்தார். முதியோருக்கு ஒரு விளையாட்டு செய்து தரும்படி இளைஞர் ஒருவரைக் கேட்டார். நீங்களே செய்யுங்களேன் என்று பதில் வந்தது. அவரிடமே கேட்டுக் கேட்டு நிரல் எழுதக் கற்றார். ஜப்பானியப் பொம்மைத் திருவிழாவை ஒட்டிய ஹினாதான் என்ற செயலியை 2017-இல், 81 வயதில் வெளியிட்டார். நம் நவராத்திரிக் கொலு போலப் படிகளில் பொம்மைகளைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். விரலால் இழுக்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் நிரலாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

இந்த இருவரும் சொல்வது என்ன?

இருவரும் தம் பழைய அனுபவத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. ஹாப்பர் ஆசிரியரின் விளக்கும் திறமையைக் கணினிக்குக் கொண்டுபோனார். முதியோரின் சிரமம் வகாமியாவுக்குத் தெரிந்த அளவு இளம் நிரலாளருக்குத் தெரியாது. பிற்காலத்தில் இத்துறைக்குள் வருபவருக்கு வேலை இனிப்பது இங்கேதான். ஏற்கெனவே அறிந்த ஒன்றுக்குக் கணினி புதிய கருவியாகிறது.

ஆசிரியருக்கு இதில் தனி வசதி உண்டு. நிரல் எழுதுவது என்பது ஒன்றும் அறியாத மாணவனுக்கு ஒரு படியும் விடாமல் சொல்லித் தருவது போன்றது. குழந்தை எங்கே தடுமாறும் என்று முன்கூட்டியே அறிவது நம் அன்றாட வேலை. நிரலெழுதுதல் தவிர, மின்வழிப் பாடங்களை வடிவமைத்தல், பயனர் கையேடு எழுதுதல், மென்பொருளைச் சோதித்தல், செயலிகளைத் தமிழாக்குதல் போன்ற பணிகளும் இத்துறையில் உள்ளன.

விருப்பம் உள்ளவர்கள் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஸ்க்ராட்ச், பைத்தான் இரண்டுமே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரிய திட்டம் வேண்டாம். தரப்பட்டியலைத் தானே கணக்கிடும் ஒரு விரிதாள், வாய்ப்பாட்டுக்கு ஒரு சிறு விளையாட்டு என உங்கள் வகுப்புக்குத் தேவையான ஒன்றைச் செய்து பாருங்கள். அதில் மகிழ்ச்சி கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்த படியை யோசிக்கலாம். வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிகளில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். அரசுப் பணியில் இருப்பவர்கள் ஊதியம் தரும் வேறு பணியை ஏற்பதற்கு முன் துறையின் அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

வகுப்பறைக்கு இரண்டு செயல்பாடுகள்

ஒன்று: தேநீர் போடும் முறையை மாணவர்கள் எழுதட்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதியதை மட்டும் அப்படியே நடித்துக் காட்டட்டும். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லாதவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். நிரலின் முதல் பாடம் இதுதான்.

இரண்டு: 30 செ.மீ. நீளக் கம்பி ஒன்றைக் காட்டுங்கள். ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏறத்தாழ இவ்வளவு தூரம் செல்லும். ஹாப்பர் தம் உரைகளில் இப்படிப்பட்ட கம்பித் துண்டுகளைக் கேட்போருக்கு வழங்குவார். கணினிக்குள் பாகங்கள் ஏன் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் கம்பியே சொல்லிவிடும்.

உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பில் இந்த இருவரையும் அறிமுகப்படுத்துவோம். பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த பிரிவு வாழ்நாள் முழுவதற்குமான முடிவல்ல என்று மாணவருக்குத் தெரியட்டும். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் அது பொருந்தும் என்று அவர்கள் போய்ச் சொல்லட்டும். அடுத்த முறை பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் திறக்கும்போது, நம்மில் மூத்தவர் ஒருவர் முதல் நாற்காலியில் அமரட்டும்.