மீன் செத்து மிதந்தால்தான் நஞ்சா? ஏலமலை நீரோடைகளுக்கு 48 மணி நேரப் பரிசோதனை சொல்வது என்ன?

இடுக்கி/பாலக்காடு: பூச்சிக்கொல்லிப் புட்டியின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களில் ஒன்றில் ஒரு முக்கோணம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மருந்து மனிதருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நிறம் தெரிவிக்கிறது. அதே மருந்து ஓடையிலோ குளத்திலோ கலந்தால் அங்குள்ள உயிர்கள் என்னவாகும் என்பதை நிறம் சொல்வதில்லை. அதை அறிய உலகெங்கும் பயன்படுத்தப்படுவது, சில மில்லிமீட்டர் அளவே வளரும் ஒரு நன்னீர் உயிரினத்தைக் கொண்டு 48 மணி நேரம் நடத்தப்படும் எளிய பரிசோதனையாகும்.

தமிழக–கேரள எல்லையில் வாழ்வோருக்கு இது தொலைதூர ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே. அவற்றுள் பவானி, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடி வழியாக ஓடி, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தமிழகத்துக்குள் வந்து பவானிசாகர் அணையை அடைகிறது. பாம்பாறு, இடுக்கி மாவட்டம் மறையூர், சின்னாறு பகுதிகளைக் கடந்து அமராவதி அணைக்கு வருகிறது. எதிர்த்திசையிலும் தண்ணீர் செல்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் பாலக்காட்டின் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு வழங்கப்பட வேண்டும். எத்தனை டிஎம்சி என்பதில் இரு மாநிலங்களும் காட்டும் கவனத்தில் சிறு பகுதிகூட, அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதில் காட்டப்படுவதில்லை.

இடுக்கியின் உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பகுதிகளில் பரந்திருக்கும் ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்தின் கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிச் செல்கின்றனர். இலைப்பேனும் தண்டு மற்றும் காய் துளைப்பானும் ஏலச்செடியின் முதன்மை எதிரிகள். அவற்றைக் கட்டுப்படுத்த ஆண்டில் பலமுறை மருந்து அடிக்கப்படுகிறது. தோட்டங்களின் இடையேதான் ஓடைகள் இறங்குகின்றன. ‘படுதாக் குளம்’ எனப்படும், பிளாஸ்டிக் விரிப்பு போட்ட நீர்த்தேக்கங்களும் அங்குதான் உள்ளன.

நீர்த்தெள்ளு என்பது எது?

பரிசோதனையில் பயன்படும் உயிரினம் ‘டாஃப்னியா மேக்னா’. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், துள்ளித் துள்ளி மேலெழும் புள்ளிகளாகத் தெரியும் உயிர்களின் உறவினம் இது. துள்ளுவதால் ‘நீர்த்தெள்ளு’ என்று பெயர் வந்ததே தவிர, நாயின் உடலில் ஒட்டும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டித் தின்னும். இதைச் சிறு மீன்கள் தின்னும். இந்தக் கண்ணி அறுந்தால் மேலே மீனுக்கு இரை குறையும், கீழே பாசி பெருகித் தண்ணீர் பச்சைப்படும்.

ஆய்வாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. சூழல் சாதகமாக இருக்கும்போது பெண் நீர்த்தெள்ளுகள் ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அவை தாயின் மரபணு நகல்கள் என்பதால், ஒரு கிண்ணத்தில் உள்ளவற்றுக்கும் மற்றொரு கிண்ணத்தில் உள்ளவற்றுக்கும் இடையே பிறவி வேறுபாடு இருக்காது. சுவீடனின் ஏரியியல் அறிஞர் எய்னார் நவ்மன் 1930-களிலேயே இதனை ஆய்வு உயிரினமாகப் பயன்படுத்தினார்.

பரிசோதனை நடக்கும் விதம்

ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984-இல் வெளியிட்டு, 2004-இல் திருத்திய 202-ஆம் எண் வழிகாட்டி நெறியே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகள் மட்டுமே சேர்க்கப்படும். வேதிப்பொருள் குறைந்தது ஐந்து வெவ்வேறு செறிவுகளில் கரைக்கப்படும். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள், பெரும்பாலும் ஐந்தைந்தாக நான்கு கிண்ணங்களில் விடப்படும். மருந்தே கலக்காத நீரிலும் இதேபோல ஒரு தொகுதி வைக்கப்படும். நீரின் வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உணவு தரப்படாது, காற்றும் செலுத்தப்படாது.

24-ஆவது மணி நேரத்திலும் 48-ஆவது மணி நேரத்திலும் கணக்கெடுப்பு. கிண்ணத்தை மெல்ல அசைத்தபின் 15 விநாடிகளுக்குள் நீந்தாத குஞ்சு ‘அசைவிழந்தது’ எனக் குறிக்கப்படும். அதன் உணர்கொம்பு துடித்துக்கொண்டிருந்தாலும் கணக்கு அதுவே. இறப்பைக் கணக்கிடாமல் அசைவிழப்பைக் கணக்கிடுவது ஏன் என்ற கேள்வி எழலாம். இத்தனை சிறிய உயிர் எந்த நொடியில் இறந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். அது நீந்துகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். மேலும், நீந்த முடியாத நீர்த்தெள்ளு குளத்தில் பிழைக்கப்போவதில்லை.

மருந்து கலக்காத கிண்ணங்களிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் அசைவிழந்தால் பரிசோதனை முழுவதும் செல்லாது. குஞ்சுகளோ தண்ணீரோ சரியில்லை என்று அதற்குப் பொருள்.

ஐந்து செறிவுகளில் முறையே 0, 3, 9, 16, 20 குஞ்சுகள் அசைவிழந்தன என்று வைத்துக்கொள்வோம். இருபதில் பாதியான பத்தை அசைவிழக்கச் செய்யும் செறிவு, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் இருக்கும். புள்ளியியல் முறையில் கணக்கிடப்படும் அந்த எண்ணே ‘இசி50’ என்று குறிப்பிடப்படுகிறது. எண் சிறியதாக இருந்தால் நஞ்சு வலியது என்று பொருள்.

இங்கு மொழிபெயர்ப்பில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ‘அக்யூட்’ என்ற சொல்லைச் செய்திகளில் ‘கடுமையான நச்சு’ என்று எழுதிவிடுகிறோம். இப்பரிசோதனையில் அச்சொல் குறிப்பது கடுமையை அல்ல, கால அளவை. ‘குறுகிய கால நச்சுத்தன்மை’ என்பதே சரி. பல வாரங்கள் சிறிது சிறிதாகக் கலக்கும் மருந்தின் விளைவை அறிய, குஞ்சு ஈனும் திறனை 21 நாட்கள் கவனிக்கும் வேறொரு பரிசோதனை உள்ளது.

ஒரு லிட்டர் கழிவுநீரின் கணக்கு

ஏலத்தோட்டங்களில் இலைப்பேனுக்கு எதிராக முன்பு பயன்படுத்தப்பட்டுவந்த மருந்துகளில் ஒன்று குயினால்பாஸ். இதற்கு டாஃப்னியாவின் 48 மணி நேர இசி50 மதிப்பு லிட்டருக்கு 0.66 மைக்ரோகிராம் எனப் பதிவாகியுள்ளது. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம்.

25 சதவீதக் குயினால்பாஸ் மருந்தை லிட்டருக்கு 2 மில்லி வீதம் கலந்தால், ஒரு லிட்டர் தெளிப்பு நீரில் ஏறத்தாழ அரை கிராம் நஞ்சு இருக்கும். தெளிப்பானின் அடியில் மீந்த அந்த ஒரு லிட்டர், குளத்தில் ஊற்றப்பட்டு முழுவதும் கலந்துவிட்டதாகக் கொண்டால், சுமார் ஏழரை லட்சம் லிட்டர் நீரை இசி50 அளவுக்குக் கொண்டுவரப் போதும். 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளத்தின் கொள்ளளவு அது. நடைமுறையில் மருந்தின் ஒரு பகுதி மண்ணில் ஒட்டும், ஒரு பகுதி சிதையும் என்பதால் விளைவு இதைவிடக் குறையலாம். ஆயினும், தெளிப்பானை ஓடையில் கழுவுவது எத்தகைய செயல் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

குயினால்பாஸ் உள்ளிட்ட ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், நரம்புச் சமிக்ஞையை நிறுத்த உதவும் ‘அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்’ என்ற நொதியை முடக்குகின்றன. அந்த நொதி நீர்த்தெள்ளிடமும் உள்ளது, மருந்தடிக்கும் தொழிலாளியின் உடலிலும் உள்ளது. முகக்கவசமும் கையுறையும் இன்றித் தெளிப்பவருக்கு வரும் தலைச்சுற்றல், வாந்தி, கண்பாவை சுருங்குதல் ஆகியவற்றுக்கும் கிண்ணத்தில் குஞ்சு அசைவிழப்பதற்கும் அடிப்படை ஒன்றே.

ஓர் உயிரினம் போதுமா?

போதாது என்பதற்குக் கேரளமே நன்கறிந்த சான்று எண்டோசல்ஃபான். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் வான்வழியாகத் தெளிக்கப்பட்ட இம்மருந்து ஏற்படுத்திய பாதிப்புகளுக்குப் பின், 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. நன்னீர் மீன்கள் பலவற்றை இது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமை ஒட்டிய செறிவிலேயே கொல்லும். டாஃப்னியாவோ பல பத்து முதல் பல நூறு மைக்ரோகிராம் வரை தாங்கும். நீர்த்தெள்ளை மட்டும் கேட்டிருந்தால் மீனின் கதி தெரிந்திருக்காது.

இமிடாகுளோபிரிட் மருந்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. டாஃப்னியாவுக்கான இசி50 லிட்டருக்கு 85 மில்லிகிராம். கிட்டத்தட்ட தீங்கற்றது என்று தோன்றும். ஆனால் ஓடைக் கற்களின் அடியில் வாழும் மே ஈக்களின் இளம் உயிரிகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே செயலிழக்கின்றன. பல்லாயிரம் மடங்கு வேறுபாடு. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே, நீர்க்கொசு போன்ற கைரோனோமஸ் பூச்சியின் இளம்புழுவைக் கொண்டு நடத்தும் 48 மணி நேரப் பரிசோதனைக்கு 2011-இல் தனி ஓஇசிடி நெறி வந்தது. பூச்சிக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இரண்டாவது கணுக்காலியின் தரவையும் கேட்கிறது.

நம் ஊர் நீரும் பரிசோதனைக் கிண்ணத்து நீரும் ஒன்றல்ல. 20 டிகிரி வெப்பநிலை ஏலமலைக்குப் பொருந்தலாம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டுச் சமவெளிக்குப் பொருந்தாது. தென்னிந்தியக் குளங்களில் பரவலாகக் காணப்படுபவை டாஃப்னியா மேக்னா அல்ல, அதனினும் சிறிய மொய்னா, செரியோடாஃப்னியா இனங்கள். நீரின் கடினத்தன்மையும் முக்கியம். டாஃப்னியா மேக்னா பரிசோதனைக்கு லிட்டருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் வரை கடினத்தன்மை கொண்ட நீர் பரிந்துரைக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் நீரோ பொதுவாக மென்னீர். செம்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் மென்னீரில் அதிக நச்சாகின்றன. ஏலச்செடியின் அழுகல் நோய்க்குப் பருவமழைக்கு முன் அடிக்கப்படும் போர்டோ கலவையில் இருப்பது செம்புதான். அதை ‘சுண்ணாம்பும் துருசும்தானே’ என்று பலரும் நஞ்சாகவே எண்ணுவதில்லை. மென்னீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே நீர்த்தெள்ளுகளை முடக்கிவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

முக்கோண நிறங்கள் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அமைந்தவை. எலி போன்ற ஆய்வு விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவே அதன் அடிப்படை. வாய்வழி உட்கொள்ளலில் உடல் எடைக் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பைரித்ராய்டு வகை மருந்துகள் சில, பாலூட்டிகளுக்குக் குறைந்த நச்சாக இருந்தும் நீர்வாழ் கணுக்காலிகளுக்கு மிகக் கொடியவை. நீல முக்கோணத்தைப் பார்த்து ‘லேசான மருந்து’ என்று ஓடையோரம் தெளிப்பவர் தவறாகப் படிக்கிறார் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தரப்பட்ட குறியீட்டில் தண்ணீர் இல்லை.

வேதிப்பொருட்களை வகைப்படுத்தும் ஐ.நா.வின் உலகளாவிய ஒத்திசைவு முறையில், மீன், ஓட்டுடலி, பாசி ஆகியவற்றில் ஒன்றுக்கேனும் பாதிப்பு மதிப்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது முதல் வகை நீர்நஞ்சு. செத்த மீனும் பட்ட மரமும் உள்ள படம் அதற்கான குறி.

ஆலைக் கழிவுநீருக்கு இந்தியாவில் உயிரிப் பரிசோதனை விதி உண்டு. கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலை. அதில் கேட்கப்படுவது மீன் மட்டுமே. பாலக்காட்டின் பிளாச்சிமடாவில் 2000-இல் தொடங்கப்பட்ட கோகோ கோலா ஆலையின் கசடு, உரமென்று விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-இல் பிபிசி வானொலி ஆய்வுக்கூட முடிவுகளுடன் செய்தி வெளியிட்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. எந்த உலோகம், எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொன்றாகத் தேடும் முன்பே, கசடு ஊறிய நீரில் நீர்த்தெள்ளுக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தால் இரண்டே நாளில் முதல் எச்சரிக்கை கிடைத்துவிடும். என்ன கலந்திருக்கிறது என்பதை அவை சொல்லா. ஏதோ கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும்.

நல்ல ஆய்வக நடைமுறைக்கான ஓஇசிடி தரவு ஏற்பு ஒப்பந்தத்தில் இந்தியா 2011 முதல் முழு உறுப்பினர். எனவே சான்று பெற்ற இந்திய ஆய்வகங்களில் நடத்தப்படும் இப்பரிசோதனையின் முடிவுகளை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கின்றன. வசதி இங்கேயே இருக்கிறது.

விவசாயி தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மருந்து நிறுவனங்கள் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 12-ஆம் பிரிவு சூழலியல் தகவலுக்கானது. டாஃப்னியா, 48 மணி, இசி50 என்ற வரியைத் தேடி, பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்கலாம். எண்ணுடன் இருப்பது மில்லிகிராமா, மைக்ரோகிராமா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. தெளிப்பானையும் காலிப் புட்டியையும் மூன்று முறை அலசி, அலசிய நீரை ஓடைக்கோ படுதாக் குளத்துக்கோ விடாமல், மருந்தடித்த செடிகளின் மீதே தெளித்துவிடுவது வேளாண் வல்லுநர்கள் பரிந்துரைக்கும் முறை.